அழ வேண்டிய நேரம், எழ வேண்டிய நேரம்: துயரத்திலும் மனச்சோர்விலும் எந்த ஆறுதல் எப்போது?

விடியற்காலை மூன்று மணி. தூக்கம் கலைந்துவிட்டது. கை தன்பாட்டுக்குச் செல்போனைத் தேடி எடுக்கிறது. இறந்துபோனவரின் படங்கள் ஒவ்வொன்றாக நகர்கின்றன. இப்படிப் பார்ப்பது ஆறுதலா, தன்னைத்தானே வதைத்துக்கொள்வதா? உள்ளே அந்த நேரத்தில் இருக்கும் வலி எது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. துயரம் என்றால் இரண்டாவது படத்தில் கண் கலங்கும், ஐந்தாவது படத்தில் ஏதோ பழைய கேலி நினைவுக்கு வந்து உதடு லேசாக விரியும், கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய்த் தூக்கமும் வரலாம். மனச்சோர்வு என்றால் முந்நூறு படம் பார்த்தாலும் கண்ணீர் வராது. "எல்லாப் படத்துலயும் சிரிச்சிட்டு இருக்கார், நான்தான் சரியா கவனிக்கலை" என்ற ஒரே வாக்கியம் விடியும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

எழுதிப் பாருங்கள், நடந்து பாருங்கள், யாரிடமாவது பேசுங்கள், உங்களிடம் நீங்களே அன்பாக இருங்கள் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லாம் நல்ல வழிகள்தான். ஆனால் துயரத்துக்குப் பொருந்தும் வழி சில நேரம் மனச்சோர்வுக்குத் தீனி போடும். மனச்சோர்விலிருந்து தூக்கிவிடும் வழி சில நேரம் துயரத்தை மூடிபோட்டு அடைத்துவிடும். இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் மாறி மாறி வருவதால், எதைச் செய்வது என்பதோடு எப்போது செய்வது என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

வந்திருப்பது எது?

துயரத்தில் உலகம் வெறிச்சோடிப் போகிறது, மனச்சோர்வில் ‘நான்’ என்பதே வெறிச்சோடிப் போகிறது என்ற பொருளில், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் ஃப்ராய்ட் 1917இல் எழுதினார். அவருடைய மற்றக் கொள்கைகளைப் பற்றி எத்தனை சண்டை இருந்தாலும், இந்த ஒரு வேறுபாடு இன்றும் கைக்கு உதவுகிறது.

துயரம் அலை மாதிரி. வரும், அடித்துப் புரட்டும், போகும். நடுவில் மூச்சு விட இடம் இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு நகைச்சுவைக்குச் சிரிக்கவும் முடியும், பிறகு "சிரிச்சுட்டோமே" என்று குறுகுறுக்கவும் செய்யும். மனச்சோர்வு அலை அடிக்காத கடல். காலையில் கனம், மத்தியானம் கனம், இரவிலும் அதே கனம். குற்ற உணர்வையும் உற்றுப் பாருங்கள். "அன்னிக்கு அந்த போனை எடுத்திருக்கலாம்" என்பது ஒரு நாளை, ஒரு செயலைப் பற்றியது. துயரத்தின் குற்ற உணர்வு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். "நான் எதுக்கும் லாயக்கில்லாத ஆள்" என்பது முழு ஆளையும் பற்றிய தீர்ப்பு. அது மனச்சோர்வின் குரல். இன்னொரு சோதனையும் உண்டு. யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் கொஞ்சமாவது இதமாக இருக்கிறதா? துயரத்தில் இருக்கும். மனச்சோர்வில், வந்தவர் பேசுவது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்பதுபோல் இருக்கும்.

மனம் சோர்ந்திருப்பது அல்லது எதிலும் நாட்டமில்லாமல் போவது, இவற்றில் ஒன்றாவது இருந்து, தூக்கம், பசி, கவனம், உடலின் வேகம் போன்றவற்றிலும் கோளாறு சேர்ந்து, பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவர்கள் மனச்சோர்வு நோய் உண்டா என்று பார்ப்பார்கள். ஒரு காலத்தில், இறப்பு நேர்ந்து இரண்டு மாதம் வரை இந்தக் கணக்கைப் பெரும்பாலும் எடுக்கவே கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் விலக்கு இருந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். துக்க வீடு என்பதற்காக நோய் வராமல் இருக்காது என்பதுதான் காரணம். "சாவு வீட்டுல இப்படித்தான் இருக்கும்" என்று எல்லாவற்றையும் தள்ளிவிடாமல் இருக்க இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஒன்றை மட்டும் ஒப்பீட்டுக்கு வெளியே வைத்துவிடுகிறோம். "அவரோட நானும் போயிருந்தா தேவலை" என்ற ஏக்கம் துயரத்தில் பலருக்கும் வந்து போகும். அதையும் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஆனால் அந்த ஏக்கம் எப்படி, எப்போது என்ற யோசனையாக மாறினால், அல்லது "நான் வாழத் தகுதியில்லை" என்று திரும்பினால், கீழே உள்ள எந்த வழியையும் முயன்றுகொண்டிருக்கக் கூடாது. அந்த இரவே ஒருவரைக் கூட இருக்கச் சொல்லுங்கள், ஆபத்தான பொருட்களை வீட்டைவிட்டு அகற்றச் சொல்லுங்கள், உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு எண்ணையோ அழையுங்கள். முடிந்தால் மருத்துவமனைக்கே போய்விடுங்கள்.

தன்னிரக்கம் வேறு, தன்பரிவு வேறு

தமிழில் இந்தப் பேச்சை எடுத்தாலே ஒரு சிக்கல். ‘தன்னிரக்கம்’ என்ற சொல்லுக்கு நம்மிடையே நல்ல பெயர் கிடையாது. தன்னை எண்ணித் தானே உருகி, மூலையில் உட்கார்ந்துவிடுவது என்றுதான் அதற்குப் பொருள். அதனால் ‘உங்கள்மேல் நீங்கள் இரக்கம் காட்டுங்கள்’ என்று சொன்னதுமே மனம் முரண்டு பிடிக்கிறது. இங்கே பேசுவது வேறொன்று. அதைத் தன்பரிவு என்று வைத்துக்கொள்வோம்.

உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் இதை மூன்று கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். வலியை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் உள்ளபடி கவனிப்பது ஒன்று. இது மனிதராய்ப் பிறந்த எல்லாருக்கும் வருவதுதான் என்று உணர்வது மற்றொன்று. தன்னைத் திட்டுவதற்குப் பதில் கனிவாக நடத்துவது மூன்றாவது. தன்னிரக்கத்தில் நடுக் கூறு இருக்காது. "எனக்கு மட்டும் ஏன்" என்பது தன்னிரக்கம். "இழந்தவங்க எல்லாரும் இப்படித்தான் தவிச்சிருப்பாங்க, இப்ப என் முறை" என்பது தன்பரிவு. முதலாவது கதவைச் சாத்தும். இரண்டாவது திறந்து வைக்கும்.

கையும் சொல்லும்: மூன்று நிமிட வழி

இருப்பதிலேயே செலவு குறைந்த வழி இது. எழுந்திருக்கத் தெம்பில்லாதபோதும் செய்யலாம். நெஞ்சிலோ வயிற்றிலோ கன்னத்திலோ உள்ளங்கையை வையுங்கள். எந்த இடம் இதமாக இருக்கிறதோ அது. கையின் சூடு தோலில் தெரியும்வரை காத்திருங்கள், அதற்கே அரை நிமிடம் ஆகும். பிறகு, நாலு எண்ணும் நேரம் மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் நேரம் வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கு வரும். பத்து மூச்சு போதும். அதற்குப் பின்தான் சொல்.

பெரும்பாலானவர்களுக்குச் சறுக்குவது சொல்லில்தான். ‘நான் என்னை நேசிக்கிறேன்’, ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்ற வாக்கியங்களை யாரும் வீட்டில் பேசுவதில்லை. உங்களைத் திட்டிக்கொள்ளும் குரல் சுத்தமான பேச்சுத் தமிழில், உங்கள் ஊர் வழக்கில், சில நேரம் அப்பாவின் அல்லது பழைய ஆசிரியரின் தொனியில் வருகிறது. அதற்குப் பதில் சொல்லும் குரல் மட்டும் மொழிபெயர்ப்புத் தமிழில் வந்தால் மனம் நம்பாது. "கஷ்டமாத்தான் இருக்கு. இருக்கத்தானே செய்யும்." "எவ்வளவுதான் தாங்குவ நீ." "இன்னிக்கு இவ்வளவுதான் முடியும், விடு." இந்த மாதிரி, உங்களை உண்மையாகவே நேசித்த ஒருவர் உங்களிடம் எந்த வார்த்தையில் பேசுவாரோ அந்த வார்த்தையைத் தேடுங்கள். அவர் "கண்ணு" என்று அழைத்தாரா, பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டாரா? அந்த விளிதான் பாதி மருந்து. அப்படி அழைத்தவரே போய்விட்டார் என்றால் ஆரம்ப வாரங்களில் அந்த விளி தாங்க முடியாததாக இருக்கும். அப்போது வேறொருவர் குரலை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சறுக்கல் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் கெட்டதல்ல. கனிவாக ஒரு சொல் சொன்னதும் ஆறுதல் வருவதற்குப் பதில் அழுகை பொங்கிக்கொண்டு வரும், அல்லது நெஞ்சு இறுகும். தீப்பிடித்து மூடிக் கிடக்கும் அறையின் கதவைத் திறந்தால் காற்று புகுந்து தீ குபீரென்று எழுவதுபோல் என்று உளவியலாளர் கிறிஸ்டஃபர் ஜெர்மர் இதை விளக்குவார். சிறு வயதில் கனிவே கிடைக்காதவர்களுக்கு, கனிவைக் கண்டாலே அச்சம் வரும் என்பதை உளவியலாளர் பால் கில்பர்ட்டும் நிறைய எழுதியிருக்கிறார். குபீரென்று எழுந்தால் சொல்லை நிறுத்துங்கள், கண்ணைத் திறங்கள், உள்ளங்கால் தரையில் படுவதைக் கவனியுங்கள், அறையில் நீல நிறத்தில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணுங்கள். மறுநாள் கையை மட்டும் வைத்துப் பாருங்கள், சொல் வேண்டாம்.

துயரம், மனச்சோர்வு இரண்டுக்கும் பொருந்தும் ஒரே வழி இதுதான் என்பது எங்கள் கணிப்பு. ஆனால் இது வலியைத் தாங்க உதவுமே தவிர, மனச்சோர்வைத் தனியாக விரட்டாது.

எழுத்து: இரண்டு விதம், இரண்டுக்கும் விளைவு வேறு

மனதில் இருப்பதைக் கொட்டி எழுதுவது ஒரு விதம். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். அதிலிருந்துதான் ‘எழுதினால் பாரம் குறையும்’ என்ற பேச்சு பரவியது. ஆனால் அன்புக்குரியவரை இழந்தவர்களிடம் பிறகு செய்த ஆய்வுகளில் இந்த முறை அவ்வளவு கைகொடுக்கவில்லை. வியப்பில்லை. துயரத்தில் இருப்பவர் ஏற்கெனவே நாள் முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதையே தாளிலும் எழுதச் சொல்வதால் புதிதாக என்ன கிடைத்துவிடும்? மனச்சோர்வில் இது இன்னும் மோசம். "ஏன் இப்படி ஆச்சு, நான் ஏன் இப்படி இருக்கேன்" என்று உழல்வதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்ததுபோல் ஆகிவிடும். எழுதும்போதே இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரே வாக்கியம் சொல் மாறி மூன்றாம் முறை வந்துவிட்டதென்றால் அது எழுத்தாக இல்லை, செக்கு மாடாகிவிட்டது. பேனாவை மூடிவிடுங்கள்.

கடிதம் எழுதுவது அடுத்த விதம். போனவருக்கு எழுதுவது துயரத்துக்கானது. சொல்லாமல் விட்டது, கேட்காமல் விட்டது, இன்று வீட்டில் நடந்தது என்று எதையும் எழுதலாம். பதில் வராத கடிதம் என்பதால் முடிக்கும்போது கை ஓயும். அதற்காகவே முடிவில் ஒரு சிறு செய்தியோடு நிறுத்துவது நல்லது. "தொட்டியில நீங்க வச்ச செடி துளிர் விட்டிருக்கு. அப்புறம் எழுதறேன்" என்பதுபோல.

உங்களுக்கே எழுதும் கடிதம் மனச்சோர்வின் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வதற்கானது. செய்முறை: தாளின் மேல் பாதியில் உங்களைத் திட்டும் வாக்கியத்தை அது வருகிறபடியே எழுதுங்கள். "டாக்டர்கிட்ட இன்னும் முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கணும், எல்லாம் என்னாலதான்." கீழ்ப் பாதியில், இதே வாக்கியத்தை உங்கள் நெருங்கிய நண்பர் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன எழுதுவீர்களோ அதை எழுதுங்கள். உங்களைப் பெயர் சொல்லி அழைத்து, ‘நீ’ என்றே எழுத வேண்டும். ‘நான்’ என்று எழுதினால் பழைய வழக்காடுமன்றம் மறுபடி கூடிவிடும். "அன்னிக்கு உனக்குத் தெரிஞ்சது காய்ச்சல் ஒண்ணுதான். இன்னிக்குத் தெரிஞ்சதை வச்சு அன்னிக்கு நடந்ததுக்குத் தீர்ப்பு சொல்றே. அப்பவும் நீ ராத்திரி முழுக்க முழிச்சுத்தான் இருந்தே." இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எழுதியவுடன் படிக்கவும் வேண்டாம். மறுநாள் பகலில் படியுங்கள். கீழ்ப் பாதியில் ஒரு பொய் இருந்தாலும் மனம் மொத்தத்தையும் தள்ளிவிடும் என்பதால், உண்மையிலேயே தவறு நடந்திருந்தால் "தப்புதான்" என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் எழுதுங்கள். பரிவு என்பது விடுதலைத் தீர்ப்பு எழுதும் வேலை இல்லையே.

சிறு செயல்: மனம் வரும் என்று காத்திருக்காமல்

மனச்சோர்வு மேலோங்கியிருக்கும் நாட்களில் எங்கள் ஓட்டு இதற்குத்தான். எழுதுவதைவிட, பேசுவதைவிட, தியானத்தைவிட முதலில் இது. ‘மனசு சரியானதும் செய்கிறேன்’ என்பது இயல்பான எண்ணம். ஆனால் மனச்சோர்வில் இந்த வரிசை தலைகீழாக வேலை செய்கிறது: செயல் முன்னே போனால்தான் மனம் பின்னே வருகிறது. நடத்தைத் தூண்டல் என்று இதற்குப் பெயர். இங்கிலாந்தில் 440 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நீண்ட பயிற்சி இல்லாத இளநிலைப் பணியாளர்கள் கொடுத்த இந்தச் சிகிச்சை, தேர்ந்த சிகிச்சையாளர்கள் கொடுத்த அறிதல் நடத்தைச் சிகிச்சைக்கு (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) குறைவில்லாமல் இருந்தது.

செயலின் அளவில்தான் எல்லாம் இருக்கிறது. ‘குளிக்க வேண்டும்’ என்பது நலமாக இருப்பவருக்கு ஒரு வேலை. சோர்ந்தவருக்கு அது ஏழெட்டு வேலை. போர்வையை விலக்குவது, காலைத் தரையில் ஊன்றுவது, எழுந்து நிற்பது, துண்டை எடுப்பது, குளியலறை வரை நடப்பது, குழாயைத் திறப்பது. இன்றைய இலக்கு காலைத் தரையில் ஊன்றி இரண்டு நிமிடம் உட்காருவது மட்டுமே என்று வையுங்கள். அது முடிந்தால் அன்றைய கணக்கு முடிந்தது. மேலே போக முடிந்தால் போகலாம், போகாவிட்டால் கடன் இல்லை. எதைத் திட்டமிட்டாலும் அதில் பாதியைத்தான் எழுதி வைக்க வேண்டும் என்பது அனுபவப்பட்டவர்களின் விதி. நடை என்றால் இருபது நிமிடம் வேண்டாம், பத்து. பத்தும் மலைப்பாக இருந்தால் வாசல் வரை.

நேரத்தையும் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். ‘நாளைக்கு நடக்கணும்’ என்று எழுதினால் நடக்காது. ‘காலை பத்தரைக்கு, பல் துலக்கியதும், தெரு முனை வரை’ என்று எழுதினால் நடக்க வாய்ப்புண்டு. செய்வதற்கு முன் மனக் கனத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண் போடுங்கள், முடித்ததும் மறுபடி போடுங்கள். ஒன்பது எட்டரை ஆனாலே வெற்றி. எண் எழுதாவிட்டால், ‘எதைச் செய்தாலும் ஒரு மாற்றமும் இல்லை’ என்று மனச்சோர்வு பொய்க்கணக்கு எழுதிவிடும். காலையில் கனம் அதிகமாக இருப்பவர்கள் பலர். அப்படியென்றால் முதல் செயலைக் காலையில் வைக்காமல், எண் குறைவாக இருக்கும் நேரத்தில் தொடங்குவதே கெட்டிக்காரத்தனம்.

இது கெடுவது இரண்டு வகையில். பட்டியலைப் பரீட்சையாக்கி, தவறியதற்குத் தன்னைத் திட்டிக்கொள்வது ஒரு வகை. தன்பரிவு தேவைப்படும் இடம் அங்கேதான். வேலையிலேயே மூழ்கித் துயரத்துக்கு நேரமே கொடுக்காமல் ஓடுவது இன்னொரு வகை. இறப்பு நடந்த மறு வாரமே இரவு பகலாக உழைத்து, "எவ்வளவு தைரியம்!" என்று பெயர் வாங்குபவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். அவர்களுக்கு அடுத்த வழிதான் தேவை.

நினைவுக்கு ஒதுக்கிய நேரம்

1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர்-ராஸ் சொன்ன ஐந்து படிநிலைகள் எல்லாருக்கும் தெரியும். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. அவர் அதை எழுதியது சாகப்போகும் நோயாளிகளைப் பார்த்து. பிறகுதான் இழந்தவர்களுக்கும் அதை ஒட்டவைத்தார்கள். ‘எனக்கு இன்னும் கோபமே வரலையே, நான் சரியா துக்கப்படலையோ’ என்று கவலைப்பட வேண்டியதில்லை. மார்கரெட் ஸ்ட்ரூப், ஹெங்க் ஷுட் இருவரும் 1999இல் முன்வைத்த ஊசலாட்டப் பார்வை நடைமுறைக்கு நெருக்கமானது. மனம் இழப்பின் பக்கம் போகும், வாழ்க்கையைத் திருப்பி அமைக்கும் பக்கமும் போகும். இந்தப் போக்குவரத்தே நலம். ஒரே பக்கத்தில் மாட்டிக்கொண்டால்தான் சிக்கல்.

அதனால் நினைவுக்கென்று ஒரு நேரம் ஒதுக்குவது, விடியற்காலை மூன்று மணிக்குச் செல்போனைத் திறப்பதைவிட எவ்வளவோ மேல். பகலில், உட்கார்ந்த நிலையில், ஒரே ஒரு படம் அல்லது ஒரே ஒரு பொருள். இருபது நிமிடத்துக்கு அலாரம். அழுகை வந்தால் அழலாம், வராவிட்டாலும் குறையில்லை. முக்கியமானது முடிவு: அலாரம் அடித்ததும் படத்தை உறையில் வைத்து, அதை அதன் இடத்தில் வைத்து, எழுந்து முகம் கழுவி, முன்பே தீர்மானித்த ஒரு வேலையைச் செய்ய வேண்டும். முடிவு வைக்காமல் தொடங்கினால் இது உழலலாக மாறிவிடும். இருபது நிமிடமும் போனவரை நினைக்காமல் உங்களையே குற்றம் சாட்டிக்கொண்டிருந்தீர்கள் என்றால், இந்த வாரம் இதை விட்டுவிட்டுச் சிறு செயலுக்குத் திரும்புங்கள்.

இரவில் விழிப்பு வந்தால் இருபது நிமிடம்போல் பாருங்கள் (கடிகாரம் பார்க்காமல் உத்தேசமாக). தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்பி வாருங்கள். செல்போன் படுக்கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

போனவரின் பொருட்களை என்ன செய்வது என்பது பற்றி ஒரு சொல். உறவினர்கள் சேர்ந்து ஒரே நாளில் அறையைக் காலி செய்வதும், பல வருடம் ஒரு சீப்பைக்கூட நகர்த்தாமல் வைத்திருப்பதும் இரண்டு கோடிகள். மூன்று குவியல் போடுங்கள்: வைத்துக்கொள்வது, கொடுப்பது, தெரியவில்லை. மூன்றாவது குவியல்தான் பெரிதாக இருக்கும், இருக்கட்டும். அதைப் பெட்டியில் போட்டு ஒட்டி, ஆறு மாதம் கழித்து வரும் ஒரு தேதியை மேலே எழுதிவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு அடுக்கு, ஒரு மணி நேரம், கூட ஒரு ஆள். குரல் பதிவுகளை மட்டும் முதல் வாரத்திலேயே வேறிடத்திலும் நகலெடுத்து வையுங்கள். செல்போன் கெட்டு அந்தக் குரலும் போய்விட்டால் அது இரண்டாவது இழப்பு.

ஒரு காது, ஒரு குழு, ஒரு நிபுணர்

நெருங்கிய ஒருவரிடம் பேசுவதில் உள்ள குறை, அவர் உடனே பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். "தைரியமா இரு", "பிள்ளைங்களுக்காக நீ எந்திரிக்கணும்". அவர்மேல் தப்பில்லை, நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "அரை மணி நேரம் நான் பேசணும். பதில் எதுவும் வேண்டாம், கேட்டா போதும்." எப்போதும் ஒரே ஆளிடம் போகாமல், அழுவதற்கு ஒருவர், வங்கி, விண்ணப்பம் போன்ற வேலைக்கு ஒருவர், சும்மா பக்கத்தில் நடக்க ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் உறவும் தேயாது.

குழுவின் பலம், "இது எனக்கும் நடந்தது" என்ற ஒரு வாக்கியம். தன்பரிவின் நடுக் கூறு அங்கே உழைக்காமலே கிடைக்கிறது. பிள்ளையை இழந்தவர்கள், தற்கொலையில் ஒருவரை இழந்தவர்கள் போன்று, வெளியே சொன்னால் எதிரே இருப்பவர் முகம் மாறும் இழப்புகளுக்கு இது தனி ஆறுதல். ஆனால் இழப்பு மிகப் புதிதாக இருக்கும்போது அடுத்த ஆறு பேரின் கதையைச் சுமப்பது கனம். முதல் தடவை பேசாமல் உட்காரலாமா, நடுவில் எழுந்து போகலாமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். இரண்டுக்கும் ஆம் என்று சொல்லாத குழு வேண்டாம்.

நிபுணரைப் பொறுத்தவரை, இழந்தவர்கள் எல்லாருக்கும் கவுன்சலிங் தேவை என்று ஆய்வுகள் காட்டவில்லை. இழப்பு என்பதற்காக மட்டும் எல்லாருக்கும் கொடுக்கும்போது பெரிய பலன் தெரிவதில்லை. உண்மையிலேயே தத்தளிப்பவர்களுக்குப் பலன் நன்றாகத் தெரிகிறது. மாதங்கள் கடந்தும் ஏக்கம் துளியும் குறையாமல், வாழ்க்கை அன்றே நின்றதுபோல் இருந்தால் அது நீடித்த துயரக் கோளாறாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதற்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது, 2022இல் திருத்தி வெளியான அமெரிக்கக் கையேடு பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்கிறது. இதற்கென்றே கேத்தரின் ஷியர் உருவாக்கிய பதினாறு அமர்வுச் சிகிச்சை உண்டு. நிபுணரிடம் முதல் சந்திப்பிலேயே, "துயரத்துக்கும் மனச்சோர்வுக்கும் தனித்தனியா என்ன செய்வீங்க?" என்று கேட்கலாம். பதில் ஒன்றாகவே இருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

மாத்திரை

"மாத்திரை போட்டா அவரை மறந்துடுவேனோ" என்ற பயத்தை அடிக்கடி கேட்கிறோம். மறக்க மாட்டீர்கள். 395 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஷியரின் ஆய்வில், துயரத்துக்கான சிகிச்சையோடு சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். துயரத்தில் அது கூடுதலாக எதையும் மாற்றவில்லை. மனச்சோர்வு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லும் வேறுபாடு அந்த ஒரு முடிவில் தெரிகிறது. பெரும்பாலான மனச்சோர்வு மருந்துகளுக்கு வேலை தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாகும், சரியாக எடைபோட ஆறு முதல் எட்டு வாரமாகும். முதல் வாரங்களில் வயிற்றுப் புரட்டலோ படபடப்போ வரலாம். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நன்றான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம், நிறுத்தும்போது டாக்டரின் மேற்பார்வையில் படிப்படியாக. தூக்க மாத்திரையும் பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரையும் வேறு ரகம்: உடனே வேலை செய்யும், அதனால்தான் வாரக்கணக்கில் போட்டால் பழகிவிடும். மதுவும் அப்படியே. தூங்க வைக்கும், மூன்று மணிக்கு எழுப்பிவிடும்.

உடம்பையும் மறக்கக் கூடாது. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு வழக்கத்தைவிட 21 மடங்கு கூடுவதாகக் கணக்கிட்டது. "துக்கத்துல நெஞ்சு அடைக்குது" என்று நெஞ்சு வலியைத் தள்ளிப்போட வேண்டாம். அதே நாட்களில், ஏற்கெனவே போட்டுவரும் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை எடுத்துத் தர ஒருவரை நியமியுங்கள்.

இன்றைக்கு எதை எடுப்பது?

இரண்டு கேள்வி போதும். இப்போது வலிப்பது அவர் இல்லாததா, நான் இப்படி இருப்பதா? இப்போது எத்தனை நிமிடத்துக்குத் தெம்பு இருக்கிறது? அவர் இல்லாதது வலித்து, தெம்பும் இருந்தால் நினைவு நேரம், அவருக்கொரு கடிதம், கேட்க ஒரு காது. நான் இப்படி இருப்பது வலித்தால் சிறு செயல் முதலில், பிறகு உங்களுக்கே ஒரு கடிதம். போனவரின் படங்களும் கொட்டி எழுதும் நோட்டும் அந்த வாரம் அலமாரியில் இருக்கட்டும். மூன்று நிமிடத் தெம்புதான் என்றால், வலி எதுவானாலும் கையும் சொல்லும். பிரித்தறியவே முடியவில்லை என்றால் மனச்சோர்வு என்றே வைத்துச் செயலில் தொடங்குங்கள். தவறாகப் போனாலும் அதில் நட்டம் குறைவு.

ஒரு வழியை இரண்டு வாரம் பாருங்கள். இரண்டு நாளில் மாற்றினால் எதுவும் தெரியாது. தொடக்கத்திலும் முடிவிலும் மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை நிரப்பி வைத்தால் ஒப்பிட வசதி. அதிகபட்ச மதிப்பெண் 27, உங்களுக்குப் பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டரைப் பாருங்கள், சாவது நல்லது, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணங்களைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யத்தைத் தவிர வேறெந்தப் பதில் வந்தாலும் மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் உடனே பாருங்கள். இரண்டு வாரத்தில் எண் ஏறிக்கொண்டே போனால், வீட்டிலிருந்தே சமாளிக்கும் கட்டம் முடிந்துவிட்டது.

நன்றாகிக்கொண்டே வரும்போது பிறந்த நாளோ நினைவு நாளோ வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். பெரும்பாலும் அந்த நாளைவிட அதற்கு முந்தைய வாரம்தான் பாடாய்ப் படுத்தும். அந்த வாரத்தில் எண் கூடினால் அதைப் பின்னடைவாகக் கணக்கில் எழுத வேண்டாம். தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, காலையில் யாரோடு இருப்பது, மாலையில் எத்தனை மணிக்கு வீடு திரும்புவது, யாருடைய போனை எடுக்காமல் விடுவது என்ற மூன்றை மட்டும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.